கண்ணம்மாவுக்கு மலையாளம் தெரியும்

ஒரு நாடகத்தின் முதல் வரைவில் இப்படி ஓர் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஓவர்சியர்: வெள்ளம் வந்நோ?

கண்ணம்மா: ஐயோ சாமி, வெள்ளம் வந்துருச்சா? புள்ளைகளத் தூக்கீட்டு ஓடோணுமே!

இடம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா. மூலத்தறை ரெகுலேட்டரிலிருந்து பிரியும் வலதுகரைக் கால்வாயில் ஒரு கிளை, அதில் ஒரு ஷட்டர், நேரம் நள்ளிரவு. கண்ணம்மாவுக்கு எழுபது வயது. காய்ந்துகொண்டிருக்கும் தென்னைக்குத் தண்ணீர் திருப்ப வந்திருக்கிறாள். ஓவர்சியர் ஆலப்புழைப் பக்கமிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம் ஆகவில்லை. மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். தமிழில் அது ஊரை அடித்துக்கொண்டு போவது. இரண்டும் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள் என்று கணக்குப் போட்டு எழுதிய இடம்.

கோவையில் சிரிப்பார்கள். அந்தத் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறையில் ஒரு பெஞ்சுகூட அசையாது. சித்தூர் தாலுகா ஒரு காலத்தில் கொச்சி சமஸ்தானம், 1956-இலிருந்து கேரளம். அங்கே பிறந்து, பஞ்சாயத்து ஆபீசில் மலையாளத்தில் மனுக் கொடுத்து, ரேஷன் கடையில் மலையாளத்தில் சண்டை போட்டு, பேரப்பிள்ளையின் மலையாளப் பாடத்தைத் தினமும் காதில் வாங்கும் கிழவிக்கு ‘வெள்ளம்’ தெரியாதா? எழுதியவர் அவளை அறிந்து எழுதவில்லை, சிலேடையைப் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்.

புதிய நாடகம் ஒன்றைக் கூடி உட்கார்ந்து வளர்க்கும் குழு, எல்லைப்புறத்தில், வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்: இந்த ஆளுக்கு இது நிஜமாகவே புரியாமல் போகுமா? கட்டமைப்பு, உச்சக்காட்சி, முடிவு எல்லாம் இதற்கு அப்புறம் வருகிற சங்கதிகள். அந்தக் கேள்வியைக் கேட்கும் அளவுக்குக் காது உள்ள ஒரு குழுவை எப்படிச் சேர்ப்பது, தொடர்ந்து எப்படி நடத்துவது, எங்கெங்கே சறுக்கும் என்பதுதான் இங்கே பேச்சு. கண்ணம்மா நாடகம் இந்தக் கட்டுரைக்காக எடுத்துக்கொண்ட மாதிரிதான். பிழைகள் மட்டும் ஊர் அறிந்தவை.

குழுவுக்கு ஏழு பேர் போதும். நாலுக்குக் கீழே போனால் பாத்திரங்களைப் பங்கிட ஆள் இல்லாமல் ஒருவரே மூன்று குரலில் பேச வேண்டிவரும். பத்தைத் தாண்டினால் பாதிப் பேர் மியூட்டில் போட்டுவிட்டுச் சமையல் செய்துகொண்டிருப்பார்கள். ஏழு பேரும் எழுதுகிறவர்களாக இருக்கக் கூடாது. தாலுகாவிலேயே குடியிருக்கும் இரண்டு பேர், மலையாளம் அறவே தெரியாத திருப்பூர்க்காரரோ கோவைக்காரரோ ஒருவர், தமிழைக் கேட்டால் புரிந்துகொள்ளும் ஆனால் வாசிக்கத் தெரியாத மலையாளி ஒருவர், மேடை ஏறிப் பழகிய ஒருவர், நாடகம் எந்தத் தொழிலைப் பற்றியதோ அந்தத் தொழில் தெரிந்த ஒருவர், அப்புறம் நாடகாசிரியர். எழுத்தாளர்கள் மட்டும் கூடினால் வசனத்தின் அழகைப் பற்றியே பேச்சு ஓடும். ஷட்டரைத் திருகும் சாவி கிழவி கைக்கு எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை இருக்கிறது. அங்கே படித்து வெளியூர் போனவர்கள் கோவை, பெங்களூர், வளைகுடா என்று சிதறிக் கிடக்கிறார்கள். அதனால்தான் கூட்டம் போனிலும் லேப்டாப்பிலும் நடக்கிறது. நேரம் குறிக்கும்போது துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம், ரியாத் இரண்டரை மணி நேரம் பின்னால் என்பதை மறக்கக் கூடாது. நமக்கு இரவு ஒன்பது என்றால் துபாயில் ஏழரை, ரியாத்தில் ஆறரை. சவுதியில் வெள்ளி, சனி விடுமுறை. எமிரேட்ஸில் 2022-இலிருந்து சனி, ஞாயிறு. ஆகவே எல்லாருக்கும் தோதுப்படுவது சனிக்கிழமை இரவு ஒன்பது. வாராவாரம் வைத்தால் எழுதியவருக்குத் திருத்த நேரம் கிடைக்காது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சரியாக இருக்கும்.

ஜூமில் இலவசக் கணக்கு என்றால் நாற்பது நிமிடத்தில் கூட்டம் அறுந்துவிடும். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் அறுபது நிமிடம். இதைத் தொல்லையாக நினைக்காமல் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மேடைத் தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல் என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது. ஒரு அமர்வுக்கு 1,800 சொல், அதாவது பதினெட்டு நிமிட வாசிப்பு. அறுபதில் மிச்சம் நாற்பது நிமிடம் பேச. இதற்கு மேல் வாசித்தால் கருத்துச் சொல்ல வேண்டிய நேரத்தில் “நல்லாயிருந்துச்சு, வாட்ஸப்புல சொல்றேன்” என்று கலைவார்கள். வாட்ஸப்பில் வருவது கட்டைவிரல் படம்தான்.

வாசிப்பில் நாடகாசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. எந்தப் பாத்திரத்தையும் அவர் எடுக்கக் கூடாது, ஏனென்றால் காகிதத்தில் இல்லாத ஏற்ற இறக்கத்தை அவர் குரல் கொண்டுவந்துவிடும். மேடைக்குறிப்புகளை வாசிக்க ஒருவரை வேறாக வைக்க வேண்டும். இது ஏனோதானோ வேலை அல்ல. நேரில் வாசிக்கும்போது மௌனம் என்றால் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது. அழைப்பில் மௌனம் என்றால் நெட் போய்விட்டது என்று அர்த்தம். மூன்று விநாடி கழிவதற்குள் யாராவது “ஹலோ, கேக்குதா?” என்பார்கள், காட்சி அங்கேயே செத்துப்போகும். குறிப்பு வாசிப்பவர் “மௌனம்” என்று சொல்லி, மேசையில் விரலால் மூன்று தட்டுத் தட்டி, அதன் பிறகு அடுத்த வரிக்கு விட வேண்டும். அந்த மூன்று தட்டு இல்லாமல் வாசித்த நாடகங்களில் மௌனங்கள் ஒவ்வொன்றாக அடுத்த வரைவிலிருந்து காணாமல் போவதைப் பார்க்கலாம். எழுதியவருக்கு அவை தேவையில்லை என்று தோன்றிவிடுகிறது.

இதே மாதிரி அழைப்பு கெடுக்கும் இன்னொன்று, ஒருவர் பேச்சில் ஒருவர் விழுவது. ஷட்டர் மேல் நின்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தும் காட்சியை ஆன்லைனில் வாசித்தால் இரைச்சலை வடிகட்டும் மென்பொருள் ஒரு குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். கேட்டவர்கள் “அந்த இடம் தெளிவா இல்லீங்க” என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை, ஆனால் குற்றம் நாடகத்தின் மேல் இல்லை. அப்படிப்பட்ட இடங்களை வரைவிலேயே ஓரத்தில் கோடு போட்டு, ‘சேர்ந்து பேசுவது, ஒவ்வொருவராக வாசிக்க’ என்று குறித்து, அதைப் பற்றிய கருத்தை நேரில் கூடும் நாள்வரை ஒத்திவைப்பது நல்லது. பறையோ உடுக்கையோ இருந்தாலும் இதே கதி. ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்ற வசதியைப் போட்டால் ஓரளவு கேட்கும். இல்லையென்றால் பறை அடிப்பது கதவு தட்டுவது போலத்தான் வரும். எல்லையோரச் சில இடங்களில் போன் கேரளா டவருக்கும் தமிழ்நாடு டவருக்கும் தாவிக்கொண்டே இருக்கும் என்பதால், முக்கியப் பாத்திரத்தை வீட்டு வைஃபை உள்ளவருக்குக் கொடுங்கள்.

வீடியோவை எல்லாரும் அணைத்துவிட்டால் வாசிப்பவருக்கு யாருக்காகப் பேசுகிறோம் என்றே தெரியாது. பாலக்காட்டுப் பகவதி கோயில்களில் தோல்பாவைக் கூத்து நடத்துகிறவர்களுக்கு இது பழக்கம். கூத்துமாடத்தில் திரைக்குப் பின்னால் இருபத்தொரு விளக்கு எரிய, கம்பன் பாட்டைச் சொல்லி விரித்துக்கொண்டே போவார்கள். முன்னால் ஒரு ஆள் இல்லாமலும் இருக்கலாம், கேட்பது பகவதி. நமக்கு அந்தத் திடம் கிடையாது. குறைந்தது இரண்டு பேராவது முகத்தைக் காட்டட்டும்.

நன்றாக வாசிக்கிறவர் ஒரு குழுவுக்குக் கிடைத்த வரமும் சாபமும். மேடைப் பழக்கம் உள்ளவர் பலவீனமான வரியைக்கூடத் தூக்கி நிறுத்திவிடுவார். எழுதியவர் அது நல்ல வரி என்று நம்பிவிடுவார். அதனால் ஒரே காட்சியை இரண்டு அமர்வுகளில் ஆளை மாற்றிப் படிக்க வேண்டும், ஒரு முறை திக்கித் திணறி வாசிக்கிறவரிடம் கொடுத்து. அவர் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் வாக்கியம் நீண்ட இடம், அல்லது ஒரு மூச்சில் மூன்று செய்தி திணித்த இடம். எழுதியவர் கையில் அச்செடுத்த பிரதி இருக்கட்டும். தடுக்கிய இடத்தில் ஒரு புள்ளி, சிரித்த இடத்தில் ஒரு கோடு. அவருக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லை.

இனி கருத்து. நம்மவர்கள் இரண்டு விதம். ஒரு சாரார் “சூப்பர்ங்க, அருமை” என்று முடித்துவிடுவார்கள். மறு சாரார் “நானா இருந்தா அந்தக் கெழவியக் கொன்னிருப்பேன்” என்று தங்கள் நாடகத்தை எழுத ஆரம்பிப்பார்கள். இரண்டுக்கும் மருந்து வரிசைதான். அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990-இல் வகுத்த நாலு படி முறை நாடகக் குழுக்களுக்கும் பொருந்துகிறது. முதலில், கேட்டவர்கள் மனசில் எது நின்றது என்று மட்டும் சொல்வார்கள். அடுத்து எழுதியவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். மூன்றாவதாகக் கேட்டவர்கள் கேள்வி கேட்பார்கள், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பை ஒளித்து வைக்கக் கூடாது. கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் “இதைப் பத்தி எனக்கு ஒண்ணு தோணுது, சொல்லட்டுங்களா?” என்று அனுமதி கேட்டு.

மூன்றாம் படிதான் ஆகச் சிரமம். “ஏன் கண்ணம்மா இவ்வளவு வெகுளியா இருக்கா?” என்பது கேள்வி வேஷம் போட்ட தீர்ப்பு. “கண்ணம்மா ரேஷன் கடையில எந்த பாஷை பேசுவா?” என்பது கேள்வி. முதல் கேள்விக்கு எழுதியவர் வக்காலத்து வாங்குவார். இரண்டாவதற்கு யோசிப்பார். மேலே சொன்ன வெள்ளம் சிலேடை சரியாக இந்த இடத்தில்தான் உடையும், உடைக்கிறவர் தாலுகாவில் குடியிருக்கும் அந்த இரண்டு பேரில் ஒருவராக இருப்பார்.

கேள்வி கேட்க அந்த மண்ணிலேயே ஒரு ஆள் இருக்கிறார். பாலக்காட்டுப் பொறாட்டு நாடகத்தில் தாசி, குறவன், குறத்தி, மண்ணான், மண்ணாத்தி என்று வேஷங்கள் ஒவ்வொன்றாக வரும்போது எதிரே நின்று கேட்பவர் சோத்தியக்காரர். நீ யார், எங்கிருந்து வருகிறாய், எதற்கு வந்தாய், கூட வந்தவள் யார் என்று தமிழும் மலையாளமும் கலந்து அவர் கிண்டக் கிண்டத்தான் பாத்திரம் வெளியே வரும். இதை அப்படியே குழுவுக்குள் கொண்டுவரலாம். ஒருவர் சோத்தியக்காரர். நாடகாசிரியர் கண்ணம்மாவாக, கண்ணம்மாவின் பேச்சில், பதில் சொல்ல வேண்டும். பதினைந்து நிமிடம், குறிப்பு பார்க்காமல். ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் சொன்னதெல்லாம் காற்றோடு போகும். எத்தனை மரம் இருக்கிறது, எத்தனை மரம் கள்ளுக்கு விட்டிருக்கிறாய், கடைக்காரன் காசு ஒழுங்காகத் தருகிறானா, கடைசியாக எப்போது அழுதாய், ஷட்டர் சாவியை யார் கொடுத்தார்கள். எழுதியவர் பதில் சொல்லத் தடுமாறும் கேள்விக்குத்தான் அடுத்த வரைவில் காட்சி தேவைப்படும். தமிழ்நாட்டுப் பக்கம் கள் இறக்கத் தடை, இந்தப் பக்கம் சித்தூர்க் கள் கேரளம் முழுக்கப் போகிறது. அந்த ஒரு விஷயத்திலிருந்தே கண்ணம்மாவின் வரவு செலவு முழுக்க வந்துவிடும், தேடிப் போக வேண்டியதில்லை.

எல்லைப்புற நாடகத்துக்கென்றே உள்ள சிக்கல் எழுத்தில் இருக்கிறது. முதலாவது, பேச்சை எப்படி எழுதுவது. இங்கத்தித் தமிழ் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துக் கொங்குத் தமிழோடு ஒட்டியது. ‘ஓடோணும்’, ‘தூக்கீட்டு’, வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு ‘ங்க’. பொதுக்கோப்பில் வரைவைப் போட்டால் நல்லெண்ணம் படைத்த ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக ‘வந்துருச்சு’ எல்லாவற்றையும் ‘வந்துவிட்டது’ என்று திருத்தி வைத்திருப்பார். அதனால் முதல் நாளே எல்லாருக்கும் ‘பரிந்துரை’ முறையில் மட்டும் அனுமதி கொடுக்க வேண்டும். நேரடியாகத் திருத்தும் உரிமை ஒருவருக்கே. கூடவே அரைப் பக்கத்துக்கு ஒரு எழுத்து ஒப்பந்தம்: ‘ங்க’ என்று எழுதுவதா ‘ங்’ என்று நிறுத்துவதா, ‘வேணும்’ யாருக்கு, ‘வேண்டும்’ யாருக்கு. ஒலியை முழுக்க எழுத்தில் பிடிக்கப் பார்ப்பது வீண் வேலை. நடிகர் எழுத்துக்கூட்டிப் படிப்பதிலேயே நின்றுவிடுவார். சொல்லிலும் வாக்கியத்தின் வாலிலும் வட்டாரத்தைக் காட்டினால் போதும், மிச்சத்தை அவர் நாக்கு பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. வீட்டில் தமிழ் பேசி, மலையாளப் பள்ளியில் படித்த இளைஞர்கள் நிறைய. அவர்கள் தமிழ் பேசினால் பிசிறு இருக்காது. தமிழ் எழுத்தை வாசிக்கச் சொன்னால் பேருந்து நிறுத்தத்துப் பெயர்ப்பலகை படிக்கிற வேகம்தான் வரும். வாசிப்புக்கு அவர்கள்தான் தங்கமான குரல்கள், அதனால் அவர்களுக்காக வரைவை மலையாள எழுத்தில் மாற்றிக் கொடுப்பது வழக்கம். அட்சரமுகம் போன்ற இலவசக் கருவிகள் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடும். ஆனால் தமிழில் ஒரே ‘ப’ இருக்கிற இடத்தில் மலையாளத்தில் நாலு எழுத்து. எந்திரம் எல்லாவற்றுக்கும் முதல் எழுத்தைப் போடும். ‘பஸ்’ஸும் ‘பயம்’ என்பதும் ‘பல்’லில் வரும் பகரமாக அழுத்தி ஒலிக்கும். ‘தோசை’யின் முதல் எழுத்து ‘தோள்’ போல் கடினமாக வரும். வாசிக்கிற பையன் வெளியூர்க்காரன் போல் ஒலிப்பான், குழு அவனுக்குத் தமிழ் வராது என்று முடிவு கட்டும். எந்திரம் மாற்றிய பிரதியை, இரண்டு எழுத்தும் தெரிந்த ஒருவர் ஒரு முறை வாய்விட்டு வாசித்துத் திருத்த வேண்டும். இருபது பக்கத்துக்கு ஒரு மாலை நேரம் ஆகும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு என்றால் அதற்கும் முன்னால் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் கருவி குப்பையைத்தான் கக்கும்.

மலையாள வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது இதே நோய் மறுபக்கம். ‘துறந்நது’, ‘பறஞ்ஞு’ என்று மெல்லினத்தை இரட்டித்து எழுதும் வழக்கம் கொஞ்சம் உதவும். மூன்று வரிக்கு மேல் தொடர்ந்து மலையாளம் வந்தால் திருப்பூர்க்காரர் நழுவிவிடுவார். அவர் நழுவுவது தவறில்லை. நாடகம் எங்கே போடப்போகிறோம் என்பதைப் பொறுத்தது அது. கொழிஞ்சாம்பாறைக்கும் கோவைக்கும் திருச்சூருக்கும் ஒரே பிரதி போதாது. யாருக்கு எந்தப் பக்கத்தில் விட்டுப்போனது என்று மூன்று நிற மையில் குறித்து வைத்துக்கொண்டால் பிற்பாடு எந்த ஊருக்கு எங்கே வெட்ட வேண்டும், எங்கே ஒரு சொல் சேர்க்க வேண்டும் என்பது கையில் இருக்கும்.

தொழில் தெரிந்தவரை மறந்துவிடக் கூடாது. தண்ணீர் பற்றிய நாடகத்தில் எழுத்தாளர்கள் எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு: ஒப்பந்தத்தைப் பாத்திரங்களின் வாயில் ஊட்டுவது. தமிழ்நாடும் கேரளமும் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளச் செய்த பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29-இல் கையெழுத்தானது, 1958-இலிருந்து செல்லும் என்று எழுதிக்கொண்டார்கள். ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டில் சித்தூர்ப் புழைக்கு வந்து சேர வேண்டும், கணக்கு ஜூலை 1 தொடங்கி ஜூன் 30 வரை. இது எழுதுகிறவருக்குத் தெரிந்தே ஆக வேண்டியது. ஆனால் வரைவில், கால்வாயில் தண்ணீர் திறந்து மூடும் ஊழியரான லஸ்கர் இப்படிப் பேசுகிறார்:

லஸ்கர்: ஒனக்குத்தான் தெரியுமே கண்ணம்மா, ஒப்பந்தப்படி ஏழே கால் டி.எம்.சி. குடுக்கோணும். இந்த வருஷம் இன்னும் குடுக்கல.

தெரியும் என்றால் ஏன் சொல்கிறார்? எதிரே இருப்பவளுக்கும் தெரிந்த ஒன்றைப் பார்வையாளருக்காகச் சொல்லும் வசனம் வாசிப்பில் உடனே பல்லிளிக்கும், குரலே மாறிப்போகும், செய்தி வாசிப்பது மாதிரி. கால்வாய் லஸ்கராக வேலை பார்த்த ஒருவர் குழுவில் இருந்தால் வழி சொல்வார்: இவர்கள் டி.எம்.சி.யில் பேச மாட்டார்கள், முழங்காலா இடுப்பா என்றுதான் பேசுவார்கள்.

லஸ்கர்: போன மொறைக்கு இடுப்பு வந்துச்சு. இப்பப் பாரு, கரண்டைக்கால்கூட நனையல.

கண்ணம்மா: ஜூன் முடிய இன்னும் பத்து நாளு இருக்குதுங்க. வரும்.

லஸ்கர்: பத்து நாள்ல ஒரு வருஷத்தத் தொறந்து விடுவாங்களாக்கும்.

ஒப்பந்தத்தின் கணக்காண்டு அந்த ‘ஜூன்’ என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. தெரிந்தவருக்குப் போய்ச் சேரும், தெரியாதவருக்கு உறுத்தாது. இதே ஆள்தான் இன்னொன்றும் சொல்வார்: கையால் திருகும் ஷட்டர் ஒரே இழுப்பில் திறக்காது, சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், துருப்பிடித்திருந்தால் இன்னும் மோசம். எழுதியவர் ‘கண்ணம்மா ஷட்டரைத் திறக்கிறாள்’ என்று ஒரு வரியில் போட்டிருப்பார். நிஜத்தில் அது மூன்று நான்கு நிமிட வேலை, எழுபது வயதுக்காரிக்கு. அவ்வளவு நேரமும் லஸ்கர் பார்த்துக்கொண்டு நிற்கிறார், தடுக்கவில்லை, உதவவும் இல்லை. நாடகத்தின் மையக் காட்சி அங்கே கிடக்கிறது, ஒரு தொழில் விவரத்துக்குள்.

அழைப்பில் வாசிப்பதில் உடம்பு கிடையாது என்பதால் மேடையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே மறந்துபோகும். இரண்டாம் பக்கத்தில் உள்ளே வந்த பேரன் ஒன்பதாம் பக்கம்வரை பேசாமல் எங்கே நிற்கிறான்? இதற்கு ஒரு தட்டும் புளியங்கொட்டையும் போதும். தட்டு மேடை, கொட்டைக்கு ஒரு பாத்திரம், மேலே எழுத்துப் போட்டுக்கொள்ளலாம். குறிப்பு வாசிப்பவர் காட்சி ஓட ஓடக் கொட்டையை நகர்த்தி, போனை மேலிருந்து பிடித்துக் காட்ட வேண்டும். ஒரே இடத்தில் மூன்று கொட்டை நாலு பக்கம் அசையாமல் கிடந்தால் அது வானொலி நாடகம். ஒருவருக்கு இரட்டை வேஷம் என்றால் போய்வருவதற்கு நடுவில் எத்தனை வரி இருக்கிறது என்றும் அப்போதே எண்ணிவிடலாம். வேட்டியை மாற்றிக் கட்ட ஒரு நிமிடம், சேலை என்றால் மூன்று. மொத்தம் ஐந்து நடிகர்களுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு ஜீப்பில் ஆளும் சாமானும் அடங்கும்.

சரி, கண்ணம்மாவிடம் திரும்புவோம். ‘அவளுக்கு மலையாளம் தெரியும்’ என்று குழு சொன்னதும் எழுதியவர் இரண்டாம் வரைவில் அந்தச் சிலேடையை எடுத்துவிடுகிறார். காட்சி சரியாகிறது, கூடவே சப்பென்றும் ஆகிறது. இருவரும் புரியும்படி பேசிக்கொள்கிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை. பிழை தீர்ந்துவிட்டதே என்று பல குழுக்கள் இங்கேயே விட்டுவிடும். சோத்தியக்காரரின் ஒரு கேள்வி தேவைப்படும்: தெரிந்த ஒருத்தி எப்போது தெரியாதவளாக இருப்பாள்? எல்லைக்காரர்களுக்கு இதற்குப் பதில் யோசிக்கவே வேண்டாம். செக்போஸ்ட்டில், ஆபீசில், போலீஸ்காரர் முன்னால். மூன்றாம் வரைவு, பதினோராம் பக்கம்:

ஓவர்சியர்: ஆரா ஷட்டர் துறந்நது?

கண்ணம்மா: என்னங்க சார்? தமிழ்ல சொல்லுங்க.

ஓவர்சியர்: நிங்ஙள்க்கு மலையாளம் அறியில்லே?

கண்ணம்மா: வெள்ளம்னு ஒரு சொல்லு மட்டுந்தான் தெரியுமுங்க சார். ஊருக்குள்ள தண்ணி பூந்தாச் சொல்லுவோம்.

(லஸ்கர் முகத்தைக் கால்வாய்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். மௌனம். தண்ணீர் ஓடும் சத்தம்.)

அதே சிலேடைதான். முதல் வரைவில் கிழவியைப் பார்த்துச் சிரிக்க வைத்தது. இப்போது அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டாள், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவளுக்கு லாபம். ஆனால் இது வேலை செய்ய வேண்டுமானால் அவளுக்கு மலையாளம் தெரியும் என்பது பார்வையாளருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதற்கு நாலாம் பக்கத்தில் கள்ளுக்கடைக்காரரோடு ஒரு வாய்ச்சண்டை: “ரண்டு மாசத்தெ பைசா எவிடே? நாளெ, நாளெ எந்நு பறஞ்ஞால் மரம் கேள்க்குமோ?” இந்த வரியைக் கோவைக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் செய்தால் அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பார், கண்ணம்மாவுக்கு மலையாளம் தகராறு என்று எல்லாருக்கும் தோன்றும், பதினோராம் பக்கம் கவிழும். எழுதியவர் குழம்பிப்போய் நல்ல காட்சியைத் திருத்தப் போய்விடுவார். எந்த வரியை யார் வாசிக்கிறார் என்பதில் இவ்வளவு இருக்கிறது.

முழு நாடகத்தை எத்தனை முறை வாசிப்பது? மூன்று. அதற்கு மேல் குழு தன் ஞாபகத்தை நாடகத்தில் ஊற்ற ஆரம்பிக்கும். இரண்டாம் வரைவில் வெட்டிய மருமகளை மூன்றாம் வரைவிலும் மனசுக்குள் வைத்துக்கொண்டு, ஓட்டை இருக்கும் இடத்தைத் தாங்களே அடைத்துக்கொண்டு கேட்பார்கள். அதனால் ஒவ்வொரு முழு வாசிப்புக்கும் ஒரு வரிகூட முன்பு கேட்டிராத ஒருவரைக் கூப்பிட வேண்டும், முதலில் பேசுவதும் அவரே. ஒரு வாசிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று வாரமாவது எழுதியவர் கோப்பைத் திறக்காமல் இருந்தால் நல்லது. கோப்புப் பெயரில் ‘புதியது’, ‘கடைசி’, ‘கடைசி2’ என்று போடாமல் தேதியைப் போடுங்கள். இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, யாரும் கேட்பதில்லை.

யாருடைய நாடகம் என்பதை முதல் கூட்டத்திலேயே பேசிவிடுவது உறவுக்கு நல்லது. யோசனை சொன்னவர் கூட்டாசிரியர் ஆவதில்லை, காட்சியையே எழுதிக் கொடுத்தவர் ஆகலாம். ஒரு மின்னஞ்சலில் எழுதி எல்லாரும் சம்மதம் என்று பதில் போட்டால் தீர்ந்தது. பதிப்புரிமை எழுதிய கணத்திலேயே வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. செய்துகொள்ள விரும்பினால் நாடகத்துக்குக் கட்டணம் 500 ரூபாய், ஆட்சேபணைக்கு முப்பது நாள் காத்திருக்க வேண்டும். எழுதியவர் காலத்துக்குப் பிறகும் அறுபது ஆண்டு உரிமை நிற்கும், இரண்டு பேர் கூட்டாக எழுதியது என்றால் பின்னால் இறப்பவரிலிருந்து கணக்கு.

கடைசி வாசிப்பு நேரில் நடக்க வேண்டும். அதற்குக் கேரளத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பி.என். பணிக்கர் 1945-இல் தொடங்கிவைத்த நூலக இயக்கத்தின் புண்ணியத்தில் ஊருக்கு ஊர் ஒரு வாயனசாலை, அதில் ஒரு கூடம், பத்துப் பதினைந்து பெஞ்சு. விழா மேடையில் போடுவதாக இருந்தால் இரவு பத்து மணிக்கு மைக்கை அணைக்கச் சொல்லும் சட்டம் இருக்கிறது, 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். எட்டே முக்காலுக்குத்தான் மேடை கிடைக்கும் என்றால் நாடகம் அறுபத்தைந்து நிமிடத்தில் முடிந்தாக வேண்டும், விழாக் கமிட்டித் தலைவரின் பேச்சுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிய பிறகு. ஆகவே வாயனசாலையில் மைக் இல்லாமல், கடிகாரத்தை வைத்துக்கொண்டு, நின்று நடந்து வாசிக்க வேண்டும். ஆன்லைனில் ஒத்திவைத்த இடங்களையெல்லாம், மூன்று பேர் சேர்ந்து கத்துவது, ஷட்டர் திருகும் நேரம், பறை, இங்கேதான் பார்க்க முடியும்.

எழுதியவர் கடைசி பெஞ்சில் உட்காரட்டும். பிரதியைப் பார்க்காமல் முன்னால் இருக்கும் முதுகுகளைப் பார்க்கட்டும். எந்தப் பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது, எங்கே ஒருவர் போனை எடுத்தார், எங்கே இருமல் வந்தது என்று பக்க எண்ணோடு எழுதிக்கொள்ளட்டும். பதினோராம் பக்கத்தில் கண்ணம்மா “தமிழ்ல சொல்லுங்க” என்றதும் முதுகுகள் குலுங்கவில்லை என்றால் அந்தப் பக்கத்தைத் தொட வேண்டாம். நாலாம் பக்கத்துக்குப் போய், கள்ளுக்கடைக்காரரிடம் அவள் பேசிய மலையாளம் கடைசி பெஞ்சுவரைக் கேட்டதா என்று பாருங்கள்.